கதவைச் சாத்திய கணக்கு

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு ஒரு குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி இத்தாலியிலிருந்து ஆண்டொன்றுக்கு 42,057 பேர் வந்து குடியேறலாம் என்று ஏற்பட்டது. நூற்றுக்கு 3 என்ற வீதத்தில் அவ்வெண் கணக்கிடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1924-இல் வந்த மற்றொரு சட்டம் அவ்வீதத்தை நூற்றுக்கு 2 எனக் குறைத்தது. அப்படியானால் இத்தாலியருக்கு எத்தனை இடங்கள் கிடைத்திருக்க வேண்டும்? மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 28,000 என்று உடனே விடை கூறுவீர்கள். ஆனால் கிடைத்தவை 3,845 இடங்களே!

எஞ்சிய 24,000 இடங்கள் எங்கே போயின? கூட்டலிலோ பெருக்கலிலோ பிழை எதுவும் இல்லை. விடை வேறோரிடத்தில் மறைந்து கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, மக்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்குச் சென்ற வரலாற்றையும், அவர்களைச் சலித்தெடுத்த சட்டங்களின் வரலாற்றையும் நாம் ஒருங்கே பார்க்க வேண்டும். பஞ்சமும் போரும் வறுமையும் மக்களை ஊரைவிட்டுக் கிளப்பின. நீராவிக் கப்பல் அவர்களைக் கடல் கடத்தியது. ஆனால், கரையில் இறங்கியவர்களுள் யார் உள்ளே போகலாம், யார் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்தது சட்டம்தான்.

திறந்து கிடந்த கதவு

அமெரிக்க ஐக்கிய நாடு பிறந்து ஏறக்குறைய நூறாண்டுகள் வரை, பிற நாட்டார் வந்து குடியேறுவதை நடுவண் அரசு பெரும்பாலும் தடுக்கவில்லை. காடு திருத்த ஆள் வேண்டியிருந்தது. கால்வாய் வெட்டவும் ஆலைகளில் உழைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. விலங்கிட்டுக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வரலாறு வேறு. அது குடியேற்றமன்று, ஆள் கடத்தல். தாமாக விரும்பி வந்த ஐரோப்பியருக்கோ கதவு அகலத் திறந்தே கிடந்தது.

ஆயினும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நாட்டுக்குள் வருவது வேறு. அந்நாட்டின் குடிமகன் ஆவது வேறு. 1790-ஆம் ஆண்டின் முதல் குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வருவோருள் அடிமையல்லாத வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று வரையறுத்தது. உள்நாட்டுப் போர் முடிந்த பின், 1870-இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அவ்வுரிமை வழங்கப்பட்டது. ஆசிய மக்களைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் விளைத்த கேட்டைப் பின்னர்க் காண்போம்.

1819-இல் ஒரு சட்டம் வந்தது. கப்பலின் கொள்ளளவில் ஐந்து டன்னுக்கு இரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. வந்திறங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கப்பல் தலைவன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பன அதன் விதிகள். அதனால்தான் 1820 முதல் குடியேறியோர் எண்ணிக்கை நமக்குக் கிடைக்கிறது.

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் ஒரு கொள்ளை நோய் பரவியது. பைட்டாப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர், இலைகளைக் கருக்கிக் கிழங்குகளை மண்ணுக்குள்ளேயே அழுகச் செய்தது. கிழங்கையே முதன்மை உணவாகக் கொண்டிருந்த ஏழைகள் பட்டினியில் வீழ்ந்தனர். ஏழாண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 லட்சம் பேருக்குக் குறையாமல் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நாடியது அமெரிக்காவையே. அதே காலத்தில் செர்மானியரும் லட்சக் கணக்கில் வந்தனர். பாய்மரக் கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்த பயணம், நீராவிக் கப்பல்கள் பெருகிய பின் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. கட்டணமும் குறைந்தது. இரும்பும் நீராவியும் அட்லாண்டிக் கடலைச் சுருக்கிவிட்டன எனலாம்.

முதற் பூட்டு

கதவில் முதற் பூட்டு கிழக்குக் கரையில் விழவில்லை. மேற்குக் கரையில் விழுந்தது. 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் ஓடினர். தென் சீனத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பின்னர் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை போட்டபோது, சியரா நெவாடா மலையைக் குடைந்தும் வெடிவைத்துத் தகர்த்தும் வழி அமைத்தவர்கள் பல்லாயிரம் சீனத் தொழிலாளர்களே. 1869-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் அப்பாதை நிறைவேறியது. வேலை முடிந்தது, வேலை செய்தவர்கள் வேண்டாதவர்களாயினர். 1870-களில் தொழில் மந்தம் ஏற்பட்டபோது, கூலி குறைவதற்குச் சீனரே காரணம் என்ற கூக்குரல் எழுந்தது.

1882-இல் சீனர் விலக்குச் சட்டம் நிறைவேறியது. சீனத் தொழிலாளர் பத்தாண்டுகளுக்கு வரக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் சீனர் குடியுரிமை பெறக் கூடாது என்பன அதன் சாரம். ஒரு நாட்டினரைப் பெயர் சொல்லித் தடுத்த முதல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இதுவே. பத்தாண்டு பின்னர் இருபதாண்டு ஆயிற்று. 1904-இல் கால வரையறையே இல்லாமற் போயிற்று. இடையில் 1888-இல் மற்றொரு சட்டம், ஊர் போய்த் திரும்பி வர அரசு கொடுத்திருந்த சான்றிதழ்களைச் செல்லாதவை ஆக்கியது. அப்போது ஏறத்தாழ 20,000 சீனர் அச்சான்றிதழ்களை நம்பி அமெரிக்காவுக்கு வெளியே சென்றிருந்தனர். திரும்பும் வழியில் கப்பலில் இருந்தவர்களுக்குக்கூட இடமில்லை என்றாயிற்று.

சட்டம் அடைத்த வழியை ஓரளவு சட்டமே திறந்ததும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பவர் தொடுத்த வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1906-இல் அந்நகரில் நிலநடுக்கமும் பெருந்தீயும் ஏற்பட்டுப் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து சாம்பலாயின. பலர் தாம் அங்கேயே பிறந்ததாகக் கூறிக் குடியுரிமை கோரினர். குடிமக்களின் பிள்ளைகள் என்று ஏட்டில் மட்டும் பெயர் பெற்ற இளைஞர்கள் சீனத்திலிருந்து வந்தனர். 'காகிதப் பிள்ளைகள்' என்று அவர்களுக்குப் பெயர். அவர்களைப் பிடிக்க, 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் அதிகாரிகள் நாட்கணக்கில் விசாரணை நடத்தினர். உங்கள் வீட்டுக்கு எத்தனை படிகள், ஊர்க் கிணறு எந்தப் பக்கம் என்றெல்லாம் கேள்விகள் எழும். அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்கள் சுவர்ப் பலகைகளில் செதுக்கிய சீனக் கவிதைகள் இன்றும் காணக் கிடைக்கின்றன.

எல்லிஸ் தீவு

கிழக்குக் கரையில் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு நிலையம் 1892-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. 1954-இல் மூடப்படும் வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியே சென்றனர். 1907-ஆம் நிதியாண்டில் மட்டும் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் 12,85,000 பேருக்கு மேல். அந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள்!

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவர். அடித்தளத்தில் வந்த ஏழைகளே தீவுக்குச் செல்ல வேண்டும். அவர்கள் வரிசையில் நடந்து வரும்போதே மருத்துவர் நோட்டமிடுவார். ஐயம் தோன்றினால் மேலாடையில் சுண்ணக் கட்டியால் ஓரெழுத்து எழுதுவார். இதயக் கோளாறுக்கு ஓர் எழுத்து, கண் நோய்க்கு ஓர் எழுத்து. கண்ணிமையைப் புரட்டி டிரக்கோமா உண்டா என்று பார்க்கும் சோதனைக்கு எல்லாரும் அஞ்சினர். அந்நோய் இருந்தால் திரும்ப வேண்டியதுதான். திருப்பி அழைத்துச் செல்லும் செலவு கப்பல் நிறுவனத்தின் தலையில் விழும் என்று 1891-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அதனால் கப்பல் ஏறும் துறையிலேயே நிறுவனங்கள் ஆட்களைச் சோதித்துக் கழித்தன.

இத்தனைக்கும் எல்லிஸ் தீவில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவினரே. நோயாளியா, குற்றவாளியா, பிழைக்க வழியற்றவரா என்று ஒவ்வோர் ஆளையும் தனித்தனியே பார்த்த காலம் அது. ஆளைப் பார்ப்பதை விட்டு நாட்டைப் பார்க்கும் காலம் அடுத்து வந்தது.

அளவுகோலும் அறிவியலும்

1880-க்குப் பின் வந்தவர்களுள் இத்தாலியர், போலந்தியர், கிரேக்கர், ரஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர் ஆகியோர் மிகுதி. முன்னர் வந்து வேரூன்றிய ஆங்கிலேய, செர்மானிய வழியினர் பலருக்கு இப்புதியவர்களைப் பிடிக்கவில்லை. 1907-இல் அமெரிக்கக் காங்கிரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. செனட்டர் தில்லிங்காம் தலைமையிலான அக்குழு 41 தொகுதிகளில் அறிக்கை தந்தது. தென், கிழக்கு ஐரோப்பியர் எளிதில் கலந்து வாழ இயலாதவர்கள் என்பதே அதன் போக்கு.

வியப்பு என்னவென்றால், அதே குழுவுக்காக நடந்த ஓர் ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ், நியூயார்க்கில் குடியேறியோரையும் அவர்தம் பிள்ளைகளையுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்தார். மண்டையோட்டின் வடிவம் மாறாத இனக்குறி என்று அந்நாளில் நம்பினர். ஆனால், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம், ஐரோப்பாவில் பிறந்தவர்களின் வடிவத்திலிருந்து சற்று மாறியிருந்ததைப் போவாஸ் கண்டார். அம்மாற்றத்தின் அளவு பற்றி 2002-க்குப் பிறகும் அறிஞர்கள் வாதிட்டதுண்டு. ஆயினும், சூழல் உடலையும் மாற்றும் என்ற அவருடைய கேள்வி இனக் கோட்பாட்டின் அடித்தளத்தையே அசைத்தது. சட்டம் செய்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

அவர்கள் செவிமடுத்தது வேறு சிலருக்கு. மனித இனத்தைப் பொறுக்கெடுத்து மேம்படுத்தலாம் என்ற யூஜெனிக்ஸ் இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி லாஃப்லின், பிரதிநிதிகள் சபையின் குடியேற்றக் குழுவுக்கு ஆலோசகராக இருந்து சான்று கூறினார். கார்ல் பிரிகாம் என்ற உளவியலார், முதல் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு நடத்திய அறிவுத்திறன் சோதனைகளை ஆராய்ந்து 1923-இல் ஒரு நூல் வெளியிட்டார். வட ஐரோப்பியரினும் தென், கிழக்கு ஐரோப்பியர் அறிவில் தாழ்ந்தவர் என்றார். அச்சோதனைகளின் கேள்விகள் பல அமெரிக்க வாழ்க்கையை அறிந்தவர்க்கே விடை தெரியக் கூடியவை. நேற்று வந்தவன் அதில் குறைந்த மதிப்பெண் பெறுவதில் என்ன வியப்பு? தம் முடிவுக்கு அடிப்படை இல்லை என்று பிரிகாமே 1930-இல் எழுதிவிட்டார். ஆனால், அதற்குள் சட்டம் வந்து ஆறாண்டுகள் ஆகிவிட்டன. தவறான ஆய்வை ஒரு கட்டுரையால் திருத்திவிடலாம். அதன்மேல் எழுப்பிய சட்டத்தைத் திருத்தப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

எந்த ஆண்டின் கணக்கு?

முதலில் வந்தது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மொழியில் முப்பது, நாற்பது சொற்களைப் படித்துக் காட்ட வேண்டும் என்றது அது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஒப்ப மறுத்தும் காங்கிரசு அதை நிறைவேற்றியது. அதே சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் 'தடுக்கப்பட்ட மண்டலம்' ஆக்கியது. இந்தியா அதனுள் அடங்கியது. ஆனால், ஐரோப்பிய ஏழைகளுள் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவராயிருந்ததால், எழுத்தறிவுத் தேர்வு எதிர்பார்த்த அளவுக்கு அவர்களைத் தடுக்கவில்லை.

ஆகவே 1921-இல் ஒதுக்கீட்டு முறை வந்தது. 1910-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில், ஒரு நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தனரோ, அதில் நூற்றுக்கு 3 பேர் ஆண்டுதோறும் அந்நாட்டிலிருந்து வரலாம். ஆண்டு ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த மாதத்திலும் வரக் கூடாது. இதனால் ஒரு விந்தையான காட்சி உருவாயிற்று. மாதக் கடைசி நாளில் கப்பல்கள் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும். நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்துப் புது மாதம் பிறந்ததும், முந்திக்கொண்டு உள்ளே பாயும். சில நிமிடங்கள் பிந்திய கப்பலின் பயணிகள், ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று திருப்பப்படலாம்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வீதத்தை 3-லிருந்து 2 ஆக்கியதோடு நிற்கவில்லை. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தள்ளிவிட்டு, 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. முப்பத்து நான்கு ஆண்டுப் பழைய கணக்கை ஏன் தேடி எடுக்க வேண்டும்? எண்களைப் பாருங்கள். 1910-இல் அமெரிக்காவில் இருந்த இத்தாலியில் பிறந்தோர் ஏறத்தாழ 13,43,000 பேர். 1890-இல் இருந்தோர் ஏறத்தாழ 1,83,000 பேரே. முன்னதில் நூற்றுக்கு 3 எடுத்தால் 40,000. பின்னதில் நூற்றுக்கு 2 எடுத்தால் 3,700-க்குச் சற்றுக் குறைவு. போருக்குப் பின் மாறிய நாட்டு எல்லைகளுக்கேற்பச் சிறு திருத்தங்கள் செய்து 42,057 என்றும் 3,845 என்றும் வகுத்தனர். இத்தாலியர் பெருவாரியாக வந்தது 1890-க்குப் பிறகு. அவர்கள் வருவதற்கு முன்பிருந்த அமெரிக்காவைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தில் நீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள்!

காணாமற் போன இடங்கள் கணக்கெடுப்பு ஆண்டுக்குள் மறைந்திருந்ததை இப்போது அறிந்தீர்கள். போலந்தின் 30,977 இடங்கள் 5,982 ஆயின. கிரேக்கருக்கு எஞ்சியவை 100. செர்மனிக்கோ 51,227 இடங்கள் கிடைத்தன. இத்தாலியன் வேண்டாம் என்று சட்டத்தில் ஓர் இடத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

1929 முதல் இம்முறை மேலும் மாற்றப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 1,50,000 இடங்கள். 1920-இல் இருந்த மக்களின் முன்னோர் எந்தெந்த நாட்டினர் என்று பார்த்து, அவ்விகிதப்படி பங்கீடு. பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும் 65,721 இடங்கள் போயின. மக்கள் என்றால் எல்லா மக்களுமா? இல்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட கறுப்பின மக்களும், செவ்விந்தியர் எனப்பட்ட பூர்வ குடிகளும், ஆசிய வழியினரும் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அம்மண்ணின் முதல் மக்களே கணக்கில் இல்லை!

வெள்ளையர் என்பவர் யார்?

1924-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் குடியேறவும் கூடாது. அந்தத் தகுதியை வரையறுத்தது 1790-ஆம் ஆண்டின் 'வெள்ளையர்' என்ற சொல். அதன் பொருள் என்ன என்ற கேள்வி இரண்டு வழக்குகளில் எழுந்தது.

முதல் வழக்கு, ஜப்பானில் பிறந்து இருபதாண்டுகள் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த தக்காவோ ஒசாவாவுடையது. வெள்ளையர் என்பது தோலின் நிறத்தைக் குறிக்காது. காக்கேசிய இனத்தைக் குறிக்கும். ஜப்பானியர் அவ்வினத்தவர் அல்லர் என்று 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று மாதங்களில் இரண்டாம் வழக்கு வந்தது. வழக்காடியவர் பகத் சிங் திந்த். பஞ்சாபில் பிறந்தவர்; முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர். மானிடவியல் நூல்களின்படி வட இந்தியர் காக்கேசியர்; ஆகவே, நீதிமன்றத்தின் சொற்படியே நான் வெள்ளையன் என்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் உடனே அளவுகோலை மாற்றியது. அறிவியல் வகைப்பாடு முக்கியமன்று. சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று கருதுகிறானோ அவனே வெள்ளையன் என்று 1923 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் இத்தீர்ப்பால் அதை இழந்தனர்.

எண்ணுக்குள் அகப்பட்ட உயிர்கள்

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்குகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1939 மே மாதம் செர்மனியின் ஹாம்பர்க் துறையிலிருந்து 'செயின்ட் லூயிஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 937 பயணிகள்; ஏறக்குறைய அனைவரும் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடிய யூதர்கள். கியூபாவில் தங்கி, அமெரிக்காவுக்குள் நுழைய முறை வரும் வரை காத்திருக்கலாம் என்று பலர் எண்ணியிருந்தனர். கியூபா ஒரு சிலரை மட்டுமே இறங்கவிட்டது. கப்பல் அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்கு அருகில் வந்தது. பயணிகளின் கண்ணுக்கு மயாமி நகர விளக்குகள் தெரிந்தன. அப்போது செர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 இடங்கள். அவ்வாண்டுக்கு அவை தீர்ந்துவிட்டன. முறையாகக் காத்திருக்க வேண்டும் என்பதே விடை.

கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து ஆகிய நாடுகள் பயணிகளைப் பகிர்ந்து ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டே ஹிட்லரின் படைகள் பிரிட்டன் நீங்கலான மற்ற மூன்று நாடுகளையும் பிடித்தன. அக்கப்பலில் திரும்பியவர்களுள் 254 பேர் யூதப் படுகொலையில் மாண்டனர். ஒதுக்கீட்டு எண் எழுதப்பட்டபோது இப்படி நேரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், எண் வளைந்து கொடுக்கவில்லை. வளைக்கவும் யாரும் முன்வரவில்லை.

பூட்டு கழன்றது

இரண்டாம் உலகப் போரில் சீனம் அமெரிக்காவின் நட்பு நாடாயிற்று. நண்பனைச் சட்டத்தில் பெயர் சொல்லி ஒதுக்குவது எப்படி? 1943-இல் சீனர் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. சீனருக்கு ஆண்டுக்கு 105 இடங்கள் தரப்பட்டன. 1946-இல் இந்தியருக்கு 100 இடங்கள் கிடைத்தன. எண் சிறியதே. ஆனால், குடியுரிமை பெறும் உரிமை அதனுடன் வந்தது. இச்சட்டத்தின் பயனைத் தமிழ் மக்கள் நன்கறிந்த ஒருவரிடம் காணலாம். வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பேராசிரியர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்ததால் அவர் உள்ளே செல்ல முடிந்தது, குடிமகனாக முடியாது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்ட பின், 1953-இல் அவர் குடியுரிமை பெற்றார். பஞ்சாபில் பிறந்த தலீப் சிங் சவுந்த் 1949-இல் குடிமகனாகி, 1956-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1952-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையில் இன வேற்றுமையை ஒழித்தது. ஆனால், நாட்டுவாரி ஒதுக்கீட்டை விட்டுவைத்தது. அதை ஒழித்தது 1965-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பெயர் தந்த இருவருள் ஒருவர் இமானுவேல் செல்லர். 1924-இல் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது, சபைக்குப் புதிதாக வந்த இளம் உறுப்பினராக இருந்து அதை எதிர்த்துப் பேசியவர் அவர். நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து அம்முறையைத் தம் கையாலேயே வீழ்த்தினார். 1965 அக்டோபர் 3-ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் அடியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார்.

எதிர்பாராத விளைவுகள்

புதிய சட்டத்தின்படி கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 1,70,000 இடங்கள். எந்த நாட்டுக்கும் 20,000-க்கு மேல் இல்லை. இவ்விடங்களில் நூற்றுக்கு 74 குடும்ப உறவினருக்கும், 20 தொழில் திறமை உடையோருக்கும் பிற தொழிலாளருக்கும், 6 அகதிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. உறவினருக்கு இத்தனை இடம் கொடுத்ததில் ஒரு கணிப்பு இருந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள் ஐரோப்பிய வழியினர். ஆகவே வருகின்ற உறவினரும் ஐரோப்பியராகவே இருப்பர் என்று சிலர் எண்ணினர். கணிப்பு பொய்த்தது. செல்வம் பெருகிய மேற்கு ஐரோப்பாவிலிருந்து வர மக்களுக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆசிய நாடுகளிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் திறமை வழியில் வந்தனர், குடியுரிமை பெற்றனர், பின்னர் உறவினரை அழைத்தனர். 1960-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 பேராக இருந்த இந்தியாவில் பிறந்தோர், 2019-இல் 26 லட்சத்தைத் தாண்டினர். தமிழகத்து ஊர்களிலிருந்து சென்றவர்களும் இந்த வாயில் வழியே சென்றவர்களே.

மற்றொரு விளைவு தெற்கே தோன்றியது. மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அழைக்கும் திட்டம் 1942 முதல் 1964 வரை நடந்தது. அதில் 45 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1924-ஆம் ஆண்டின் ஒதுக்கீடும் மேற்கு அரைக்கோளத்தைத் தொடவில்லை. 1965-ஆம் ஆண்டுச் சட்டமோ மேற்கு அரைக்கோளம் முழுமைக்கும் முதன்முறையாக 1,20,000 என்று வரம்பு கட்டியது. 1976-இல் அங்கும் நாட்டுக்கு 20,000 என்ற எல்லை வந்தது. வயல்கள் மாறவில்லை, அறுவடை மாறவில்லை, வேலைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்களே. ஆனால், நேற்று ஒப்பந்தத் தொழிலாளி என்று பெயர் பெற்றவன் இன்று சட்டத்துக்குப் புறம்பானவன் ஆனான். 1986-இல் ஒரு சட்டம் இத்தகையோருள் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு முறையான உரிமை வழங்கியது. அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை.

இன்றைய வரிசை

1990-ஆம் ஆண்டுச் சட்டம், நிரந்தர வாழ்வுரிமைக்காக வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு 1,40,000 இடங்களை ஏற்படுத்தியது. வரம்புக்குட்பட்ட இடங்களில் எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு 7-க்கு மேல் கிடைக்காது. எல்லா நாட்டுக்கும் ஒரே எண். இதைவிட நேர்மை வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும், சில லட்சம் மக்களே வாழும் ஐஸ்லாந்துக்கும் உச்ச வரம்பு ஒன்றே. அதனால் ஒரே அலுவலகத்தில், ஒரே கல்வித் தகுதியோடு, ஒரே நாளில் விண்ணப்பித்த இருவருள், சிறிய நாட்டில் பிறந்தவர் ஓரிரு ஆண்டுகளில் உரிமை பெறுகிறார்; இந்தியாவில் பிறந்தவர் பத்தாண்டுகளுக்கு மேலும் வரிசையில் நிற்கிறார். இங்கு பகை எண்ணம் எதுவும் இல்லை. எனினும், ஆளைப் பார்க்காமல் பிறந்த நாட்டைப் பார்க்கும் வழக்கம் இங்கும் தொடர்கிறது.

ஒரு நாடு தன் வாயிலில் யாரை, எத்தனை பேரை ஏற்கும் என்று வரையறுப்பது அந்நாட்டின் உரிமை என்பதில் ஐயமில்லை. வரம்பே வேண்டாம் என்று சொல்வோர் சிலரே. ஆனால், வரம்பை எண்ணால் எழுதும்போது அதற்கு ஓர் அறிவியல் தோற்றம் வந்துவிடுகிறது. அந்தத் தோற்றம் நம்மைக் கேள்வி கேட்க விடாமல் செய்கிறது. 1924-இல் சட்டம் செய்தவர்களின் வெறுப்பு, நூற்றுக்கு 2 என்ற வீதத்தில் இல்லை. 1890 என்ற ஆண்டில் இருந்தது.

மாணவ நண்பர்களே, கணக்கு பொய் சொல்லாது என்று நாம் கற்கிறோம். அது உண்மையே. ஆனால் எதைக் கணக்கிடுவது, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, எந்த ஆண்டைப் பிடிப்பது என்பவற்றைக் கணக்கு முடிவு செய்வதில்லை; மனிதன் முடிவு செய்கிறான். இனி, ஒரு சட்டத்திலோ செய்தித்தாளிலோ 'நூற்றுக்கு இத்தனை' என்று காணும்போது, 'எந்த நூற்றுக்கு?' என்று கேட்டுப் பழகுங்கள். அந்தக் கேள்வியை 1924-இல் வாக்களித்தோருள் மேலும் பலர் கேட்டிருந்தால், பல்லாயிரம் பேருக்குக் கதவு சாத்தப்படாமல் இருந்திருக்கும்.